பெயரில்லாத ஓர் உம்மா

குசினிக்குள் எலி ஒன்று ஓடுவதைக் கண்டால் நம்மில் அநேகர் முதலில் தேடுவது தும்புத்தடியைத்தான். ஆனால் சகோதரிகளே, இம்மாதம் உங்களுக்கு அறிமுகப்படுத்தப் போவது ஒரு சுண்டெலியை. கணவனை இழந்த, நான்கு பிள்ளைகளுக்குத் தாயான சுண்டெலி. 1982ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான 'த சீக்ரெட் ஒஃப் நிம்' என்ற காட்டூன் படத்தின் கதாநாயகி அவள். படம் வந்த காலத்தில் பெரிதாக யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. ஆனால் அன்று சிறு பிள்ளைகளாக இருந்து அதைப் பார்த்தவர்கள் இன்று நாற்பது, ஐம்பது வயதைத் தொட்டுவிட்டார்கள். இன்னும் அவளை மறக்கவில்லை. அவளைப் படமாக வரைகிறார்கள், அவளுடைய கந்தலான சிவப்புப் போர்வையைப் போலத் தைத்துப் போட்டுக்கொள்கிறார்கள், தம் பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படத்தைத் திரும்பப் பார்க்கிறார்கள். ஒரு சுண்டெலிக்கு இவ்வளவு பாசம் ஏன்? தும்புத்தடியைச் சற்று நேரம் மூலையில் சாத்திவிட்டு வாசியுங்கள்.

முதலில் ஒரு கேள்வி. உங்கள் பிள்ளைகள் விரும்பிப் பார்க்கும் வெளிநாட்டுக் காட்டூன் படங்களில் தாய்மாருக்கு என்ன நடக்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? 'டம்போ' (1941) படத்தில் யானைக்குட்டியின் தாயைப் பிடித்து அடைத்து விடுகிறார்கள். 'பம்பி' (1942) படத்தில் மான்குட்டியின் தாயை வேட்டைக்காரர்கள் சுட்டு விடுகிறார்கள். ஸ்நோ வைட்டுக்கும் சின்டரெல்லாவுக்கும் பெற்ற தாய் இல்லை. மாற்றாந்தாய்தான் இருக்கிறாள், அவளும் எப்படிப்பட்டவள் என்று உங்களுக்குத் தெரியும். 1981இல் வந்த 'த ஃபொக்ஸ் அன்ட் த ஹவுண்ட்' படம் தொடங்கிச் சில நிமிடங்களுக்குள் நரிக்குட்டியின் தாய் செத்துப் போகிறது. பிள்ளை தனியாக வழிதேடிப் போக வேண்டுமென்றால் தாயை முதலில் அப்புறப்படுத்திவிடுவது கதை எழுதுபவர்களுக்கு ஒரு பழைய வசதி. பெற்ற உம்மா பக்கத்தில் இருந்தால் எந்தப் பிள்ளையைத்தான் தனியே காட்டுக்குள் போக விடுவாள்!

'நிம்' படத்தில் கதை தலைகீழ். பிள்ளை படுக்கையில் கிடக்கிறது. காட்டுக்குள் போவது உம்மா.

திருமதி பிரிஸ்பி என்று அவளை அழைக்கிறார்கள். ஒரு விவசாயியின் வயலில் கிடக்கும் பழைய புளொக் கல் ஒன்றுதான் அவளுடைய வீடு. கணவன் ஜொனதன் இறந்துவிட்டான். எப்படி இறந்தான் என்பது கூட அவளுக்குச் சரியாகத் தெரியாது. மகன் திமொதிக்கு நியூமோனியாக் காய்ச்சல். குறைந்தது மூன்று வாரமாவது படுக்கையை விட்டு எழும்பக் கூடாது, குளிர் காற்றுப் பட்டால் உயிருக்கு ஆபத்து என்கிறார் மருந்து கொடுக்கும் முதியவர். அதே நேரம் உழவுக் காலமும் வந்துவிடுகிறது. உழவு இயந்திரம் வயலில் இறங்கினால் புளொக் கல் தூளாகிப் போகும். வீட்டை விட்டு வெளியேறினால் நோயாளிப் பிள்ளை சாகும்; வெளியேறாவிட்டால் எல்லோரும் சாவார்கள். சில மணி நேரத்துக்குள் வீட்டை விட்டுப் போ என்று சொல்லப்பட்டவர்களும், காய்ச்சல்காரப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு மைல் கணக்கில் நடந்தவர்களும் வாழும் நாடு நம்முடையது. அந்தச் சுண்டெலியின் இக்கட்டை நமக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

அவள் என்ன செய்கிறாள்? யோசனை கேட்க ஆந்தையிடம் போகிறாள். ஆந்தை சுண்டெலியைத் தின்னும் பறவை. அது அவளுக்கும் தெரியும். தடுமாறித் தடுமாறிப் பறக்கும் ஒரு கோமாளிக் காகத்தின் முதுகில் ஏறி, ஒட்டடையும் எலும்பும் நிறைந்த அந்தப் பொந்துக்குள் ஒற்றை ஆளாக நுழைகிறாள். ஆந்தைக்கு முதலில் அவள் பேச்சில் அக்கறையே இல்லை. ஜொனதன் பிரிஸ்பியின் மனைவி என்று தெரிந்த பிறகுதான் அதன் தொனி மாறுகிறது. ரோசாப் பற்றைக்குக் கீழே வாழும் எலிகளிடம் போ, உன் வீட்டை அப்படியே தூக்கிப் பாதுகாப்பான இடத்துக்கு மாற்ற அவர்களால் முடியும் என்று வழி சொல்கிறது.

அந்த எலிகளின் கதை தனி. 'நிம்' என்பது அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவகத்தின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம். அங்கே ஆய்வுக்காகக் கூண்டில் அடைத்து ஊசி போடப்பட்ட எலிகளுக்கு மனிதரைப் போல் அறிவு வந்துவிடுகிறது. வாசிக்கப் பழகுகின்றன. கூண்டின் கதவை எப்படித் திறப்பது என்பதையும் வாசித்தே அறிந்து தப்பி ஓடி வருகின்றன. இப்போது விவசாயியின் கம்பியிலிருந்து மின்சாரத்தைத் திருடி, மண்ணுக்கடியில் விளக்கெரியும் ஒரு பட்டணமே நடத்துகின்றன. அவர்களின் முதிய தலைவருக்கு இது வெட்கமாக இருக்கிறது. நமக்கு அறிவு வந்துவிட்டது, இனியும் திருடித் தின்னலாமா, தூரத்துப் பள்ளத்தாக்குக்குப் போய்ச் சொந்தமாகப் பயிர் செய்து பிழைப்போம் என்கிறார். ஜெனர் என்ற இன்னோர் எலி, சும்மா கிடைப்பதை விட்டுவிட்டு ஏன் பாடுபட வேண்டும் என்று எதிர்த்து நிற்கிறது. படத்தில் இந்த வாதம் சொற்ப நேரந்தான் வருகிறது. ஆனால் படம் முடிந்த பிறகு பிள்ளைகளோடு பேசுவதற்கு இதைவிட நல்ல இடம் படத்தில் இல்லை.

வீட்டை நகர்த்த வேண்டுமானால் முதலில் விவசாயியின் பூனையைத் தூங்க வைக்க வேண்டும். அதன் சாப்பாட்டுக் கோப்பையில் மருந்துத் தூளைப் போட்டுவிட்டு வர யாராவது குசினிக்குள் போக வேண்டும். எலிகளின் உடம்பு பெரிது. சுண்டெலிதான் அந்தத் துவாரத்துக்குள் நுழைய முடியும். அதைச் செய்யப் போய்த்தான் தன் கணவன் அந்தப் பூனையிடம் மாட்டிக்கொண்டான் என்பது அவளுக்கு அங்கேதான் தெரிய வருகிறது. தெரிந்த பிறகும் 'நான் போகிறேன்' என்கிறாள்.

இதை வைத்து அவளைப் பெரிய வீராங்கனை என்று எண்ணிவிட வேண்டாம். படம் முழுக்க அவள் நடுங்கிக்கொண்டே இருக்கிறாள். குரல் இடறுகிறது. உழவு இயந்திரத்தை நிறுத்த அதன் மேல் ஏறும் இடத்தில் அவளுக்குக் கை கால் ஓடவில்லை. கூடவந்த மூஞ்சூற்று மாமிதான் துணிந்து அதை நிறுத்துகிறாள். (இந்த மாமிக்கு வாய் பொல்லாதது. வீட்டுக்கு வந்தால் குறை சொல்லாமல் போக மாட்டாள். ஆனால் ஆபத்தென்றால் முதல் ஆளாய் வந்து நிற்பாள். உங்கள் குடும்பத்திலும் இப்படி ஒரு மாமி இருப்பார் என்று நினைக்கிறேன்.) ஆபத்து நீங்கியதும் திருமதி பிரிஸ்பி அழுகிறாள், ஜொனதன் இருந்திருந்தால் என்று ஏங்குகிறாள். அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போகிறாள்.

இந்தக் கதை முதலில் ஒரு புத்தகம். ரொபட் ஓ'பிரையன் என்ற பெயரில் எழுதிய ரொபட் கொன்லி 1971இல் வெளியிட்டார். மறு வருடம் அமெரிக்காவின் சிறுவர் இலக்கியத்துக்கான நியூபெரி பதக்கம் அதற்குக் கிடைத்தது. டிஸ்னி நிறுவனத்தில் ஓவியராக இருந்த டொன் புளூத் இதைப் படமாக்கலாம் என்று யோசனை சொன்னபோது, நம்மிடம் ஏற்கெனவே மிக்கி மவுஸ் இருக்கிறது, எலிகளை வைத்து 'த ரெஸ்கியூவர்ஸ்' படமும் எடுத்தாகிவிட்டது என்ற மாதிரியான பதில்தான் கிடைத்ததாம். பழைய டிஸ்னிப் படங்களில் இருந்த கைநுணுக்கம் செலவைக் குறைக்கும் ஆசையில் கைவிடப்படுகிறது என்ற மனக்குறையும் அவருக்கு இருந்தது. 1979 செப்டம்பர் 13ஆம் திகதி, தன் 42வது பிறந்த நாளில், வேலையை விட்டு வெளியேறினார். கெரி கோல்ட்மன், ஜோன் பொமெரோய் ஆகிய இருவரும் வேறு சில ஓவியர்களும் சேர்ந்தே போனார்கள். டிஸ்னியில் அப்போது தயாராகிக்கொண்டிருந்தது, மேலே சொன்ன அந்த நரிக்குட்டிப் படம். தாயைக் கொன்று தொடங்கும் ஒரு படத்தைப் பாதியில் விட்டுப் போனவர்கள், தாயையே கதாநாயகியாக வைத்துப் படம் எடுத்தார்கள். வேண்டுமென்று செய்தார்களோ என்னவோ, எனக்கு இது பிடித்திருக்கிறது.

செலவு சுமார் 70 இலட்சம் டொலர். அன்றைய டிஸ்னிப் படங்களோடு ஒப்பிட்டால் குறைவுதான். ஆனால் வேலையில் குறை வைக்கவில்லை. வெயிலில் நிற்கும்போது ஒரு நிறம், நிலா வெளிச்சத்தில் ஒரு நிறம், தண்ணீருக்குள் ஒரு நிறம் என்று திருமதி பிரிஸ்பி ஒருத்திக்கு மட்டும் 46 விதமான நிறக் கலவைகளைத் தயாரித்தார்கள். கணனி செய்து கொடுக்கும் காலமல்ல அது. ஒவ்வொரு தாளையும் கையால் தீட்ட வேண்டும். நிறம் தீட்டும் வேலையில் ஒரு பகுதியைத் தத்தம் வீடுகளில் இருந்தபடி செய்து கொடுத்தவர்களும் இருந்தார்கள். வீட்டு வேலைக்கும் பிள்ளைகளுக்கும் நடுவே தையலோ பன்வேலையோ செய்து கொடுக்கும் நம் சகோதரிகளுக்கு அந்தக் காட்சி கண்முன் வரும். கடைசி மாதங்களில் கையில் இருந்த பணம் போதவில்லை. புளூத்தும் கூட்டாளிகளும், பணம் போட்ட நிறுவனத்தின் அதிகாரிகளும் தங்கள் வீடுகளை ஈடு வைத்துத்தான் படத்தை முடித்தார்கள். ஒரு சுண்டெலியின் வீட்டைக் காப்பாற்றும் கதைக்காக இத்தனை பேருடைய வீடு ஈட்டுக்குப் போயிருக்கிறது!

1982 ஜூலை 2ஆம் திகதி படம் வெளியானது. அதற்கு மூன்று வாரம் முந்தித்தான் ஸ்டீவன் ஸ்பீல்பேர்க்கின் 'ஈ.ரி.' வெளியாகி அமெரிக்காவே அதன் பின்னால் போய்க்கொண்டிருந்தது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தியேட்டருக்குப் போன குடும்பமெல்லாம் அங்கேதான் போனது. விநியோகித்த நிறுவனமோ இந்தப் படத்தை முதலில் கொஞ்சத் தியேட்டர்களில் மட்டும் போட்டு, விளம்பரத்திலும் கை இறுக்கிக்கொண்டது. மொத்த வசூல் ஒரு கோடியே 47 இலட்சம் டொலர் அளவில் நின்றுவிட்டது. தியேட்டர்காரர் பங்கும் விநியோகச் செலவும் போக, அடுத்த படத்துக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. திட்டமிட்டிருந்த அடுத்த படம் தொடங்காமலே நின்று போயிற்று. பின்னர் இந்தப் படத்தைப் பார்த்து மெச்சி, புளூத்தோடு சேர்ந்து 'அன் அமெரிக்கன் டெய்ல்' (1986) எடுக்க முன்வந்தவரும் அதே ஸ்பீல்பேர்க்தான். அதுவும் ஓர் எலிக் குடும்பத்தின் கதை. அது வெற்றி பெற்றது.

சிக்காகோவின் பிரபல திரைப்பட விமர்சகர் ரொஜர் ஈபர்ட் அப்போது எழுதியதை இங்கே சொல்ல வேண்டும். படத்தின் ஓவிய வேலைப்பாட்டை அவர் மனமாரப் புகழ்ந்தார். ஆனால் பாத்திரங்களும் பிரச்சினைகளும் கூடிவிட்டன, பார்க்கும் பிள்ளைகள் தம்மோடு ஒன்றாக்கிக்கொள்ள அழுத்தமான ஒரு பாத்திரம் இல்லை என்ற கருத்தில் எழுதினார். பெரிய மனிதர், நியாயமாக எழுதக் கூடியவர். ஆனால் இந்த ஒரு விடயத்தில் பிள்ளைகள் அவர் சொன்னபடி நடக்கவில்லை. படம் வீடியோ கசட்டாக வந்து வீடு வீடாகப் போனபோது, ஒரே கசட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்த பிள்ளைகள் பற்றிக்கொண்டது அந்த உம்மாவைத்தான். பிள்ளைக்குப் பிள்ளையைப் பிடிக்கும் என்று பெரியவர்கள் நினைக்கிறோம். காய்ச்சலில் கிடக்கும் பிள்ளை கண்விழித்ததும் யாரைத் தேடும்? படத்தில் தங்களைத் திமொதியின் இடத்தில் வைத்துப் பார்த்தவர்களுக்கு, கதவுக்கு வெளியே தனக்காக ஓடித்திரியும் ஒருத்தியைக் காட்டிய படம் இது. நம் உம்மாமார் நமக்குக் காட்டாமல் மறைத்துச் செய்த ஓட்டங்களை அவர்கள் அந்தத் திரையில் கண்டிருக்கிறார்கள்.

ரசிகர்களுக்குள் சண்டையும் உண்டு. முதற்சண்டை அவளுடைய பெயரைப் பற்றியது. படம் முழுக்க அவளுக்குச் சொந்தப் பெயர் கிடையாது. புத்தகத்திலும் இல்லை. எல்லோருக்கும் அவள் ஜொனதனின் மனைவி, திருமதி பிரிஸ்பி. ஆந்தை மதிப்பதும் எலிகள் தலைவணங்குவதும் அந்தக் கணவன் பெயருக்கு. சில ரசிகர்கள் தாங்களாகவே அவளுக்கு ஒரு பெயரைச் சூட்டிக்கொண்டார்கள். வேறு சிலர், பெயர் வேண்டாம், செய்த வேலை போதும் என்கிறார்கள். இன்னாருடைய மகள், இன்னாருடைய மனைவி, இன்னாருடைய உம்மா என்றே வாழ்நாள் முழுவதும் அழைக்கப்பட்ட எத்தனை பேர் நமக்குத் தெரிந்தவர்களில் இருக்கிறார்கள்! அவர்களின் பெயரைப் பேரப்பிள்ளைகள் முதன்முதலில் கேட்பது மௌத் அறிவித்தலில்தான்.

அவளிடம் இருந்த அந்தக் குடும்பப் பெயரும் கூட முழுதாக அவளுக்கு மிஞ்சவில்லை. புத்தகத்தில் அவள் திருமதி ஃபிரிஸ்பி. அதே ஓசையில் வீசி விளையாடும் பிளாஸ்டிக் தட்டு ஒன்று அமெரிக்காவில் விற்பனையில் இருந்தது. வணிகப் பெயர் வழக்கு வந்துவிடும் என்ற அச்சத்தில் படத்தில் 'பிரிஸ்பி' என்று மாற்றினார்கள். அதற்குள் குரல்கள் பதிவாகி முடிந்திருந்தன. ஆந்தைக்குக் குரல் கொடுத்த ஜோன் கராடீனின் பதிவில், அவர் பேசிய வேறொரு சொல்லிலிருந்து 'ப' ஓசையை வெட்டியெடுத்து ஒட்டிச் சமாளித்தார்களாம்.

அவளுக்குக் குரல் கொடுத்தவர் எலிசபெத் ஹார்ட்மன். 1965இல் வந்த 'எ பட்ச் ஒஃப் புளூ' படத்தில் கண்பார்வையற்ற பெண்ணாக நடித்து, 22 வயதில் ஒஸ்கார் விருதுக்கு முன்மொழியப்பட்டவர். அவ்வளவு சிறு வயதில் சிறந்த நடிகைக்கான பட்டியலில் இடம் பெற்றவர் அதற்கு முன் எவரும் இல்லை. பிறகு மனச்சோர்வு நோய் அவரைப் பிடித்துக்கொண்டது. நடிப்பு மெல்ல மெல்லக் கைநழுவியது. அவருடைய கடைசித் திரைப்பட வேலை இந்தச் சுண்டெலியின் குரல்தான். 1987இல், 43 வயதில், பிட்ஸ்பேர்க் நகரில் மரணமானார். அந்த நடுக்கமும் பயமும் எவ்வளவு உண்மையாக இருக்கிறது என்று ரசிகர்கள் சொல்லும்போது, இதைத் தெரிந்தவர்களுக்குக் கொஞ்சம் தொண்டை அடைக்கும்.

இரண்டாவது சண்டை ஒரு கல்லைப் பற்றியது. கதையின் முடிவில் அவள் வீடு, பிள்ளைகள் உள்ளே இருக்க, சேற்றில் புதைகிறது. கயிற்றைப் பிடித்து இழுத்துப் பார்க்கிறாள், முடியவில்லை. அப்போது கழுத்தில் கிடந்த சிவப்புக் கல் ஒளிவிட்டு, வீடு தானாக மேலெழுகிறது. புத்தகத்தில் இந்த மந்திரக் கல் எதுவுமில்லை. எலிகள் தங்கள் புத்தியாலும் உழைப்பாலும் வீட்டை நகர்த்துகின்றன. தாயின் துணிவுக்கு ஓர் உருவம் கொடுக்கவே கல்லைச் சேர்த்தோம் என்பது புளூத் தரப்பு நியாயம். ரசிகர்களில் பாதிப்பேர் ஏற்கிறார்கள், பாதிப்பேர் ஏற்கவில்லை. நான் இரண்டாவது கட்சி. அவ்வளவு தூரம் நடுங்கி நடுங்கி வந்தவளின் உழைப்பைக் கடைசியில் ஒரு தாயத்துக் கல்லின் கணக்கில் எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை. உங்கள் பிள்ளைகள் இந்த இடத்தில் கேள்வி கேட்பார்கள். பதிலை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

1998இல் இதன் இரண்டாம் பாகம் என்று ஒன்று வீடியோவில் வெளியானது. புளூத்துக்கு அதில் சம்பந்தமில்லை. திமொதியை நாயகனாக்கி, உம்மாவை ஓரமாக உட்கார வைத்துவிட்டார்கள். ரசிகர்கள் அதைச் சேர்த்துக்கொள்வதே இல்லை. கடையில் அல்லது கைத்தொலைபேசியில் தேடும்போது இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். 1982 என்று ஆண்டைப் பார்த்து எடுங்கள்.

எல்லா வயதினருக்கும் உகந்தது என்று சான்றிதழ் இருந்தாலும், ஆறு, ஏழு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைத் தனியே விட்டுப் பார்க்க வைக்க வேண்டாம். ஆந்தையின் பொந்தும், கூண்டில் ஊசி போடும் காட்சியும், கடைசி வாள் சண்டையும் பயமுறுத்தும். இரத்தமும் கொஞ்சம் வரும். பக்கத்தில் இருந்தீர்களானால், வீடு சேற்றில் இறங்கும் இடத்தில் சின்னவர்கள் உங்கள் கையைப் பிடித்துக்கொள்வார்கள். கல் ஒளிவிட்டு அடங்கிய பிறகு வரும் காட்சியில் அவள் கைகளைக் கவனிக்கச் சொல்லுங்கள். இரண்டிலும் கட்டுப் போட்டிருக்கும். திமொதி உள்ளே கட்டிலில் சுகமாக இருப்பான். 82 நிமிடப் படம். இஷா தொழுத கையோடு தொடங்கினால் படுக்கும் நேரத்துக்குள் முடிந்துவிடும். மறுநாள் பாடசாலை இல்லாத இரவாகப் பார்த்து வையுங்கள், படம் முடிந்தும் பிள்ளைகள் உடனே தூங்க மாட்டார்கள்.